'சீடர் ராப்பிட்ஸ்' திரைப்படம் அந்நகரில் படமாக்கப்படாதது ஏன்?

சொந்த ஊரைவிட்டு அதிகம் வெளியே சென்றிராத காப்பீட்டு முகவர், அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரில் நடைபெறும் காப்பீட்டுத் துறை மாநாட்டுக்கு முதன்முறையாக விமானத்தில் செல்கிறார். தமது நிறுவனம் எதிர்பார்க்கும் விருது லஞ்சத்தால் வாங்கப்பட்டு வந்ததை அங்கு அறிகிறார்.

அமெரிக்காவில் 2011 பிப்ரவரியில் வெளியான 'சீடர் ராப்பிட்ஸ்' நகைச்சுவைத் திரைப்படத்தின் கதை இது. மிகுவெல் ஆர்டெட்டா இயக்க, எட் ஹெல்ம்ஸ் நாயகனாக நடித்தார்.

எனினும், படப்பிடிப்பு பெரும்பாலும் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் நடைபெற்றது. முறைகேட்டுப் புகார்களைத் தொடர்ந்து, திரைப்படங்களுக்கான வரிச்சலுகைத் திட்டத்தை அயோவா 2009 செப்டம்பரில் நிறுத்திவைத்தது. மிச்சிகனோ 42 சதவீதம் வரை சலுகை அளித்து வந்தது. இதனால், 2008 பெருவெள்ளத்தில் பாதிக்கப்பட்டிருந்த சீடர் ராப்பிட்ஸ், படக்குழுவினர் வருகையால் கிடைத்திருக்கக்கூடிய வருவாயை இழந்தது.