பில் போட மறுக்கும் கம்ப்யூட்டர்: 'லாக்' நிரம்பினால் என்ன செய்வது?

கொள்முதல், விற்பனை, கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு என அனைத்தையும் கம்ப்யூட்டரில் வைத்துள்ள மளிகைக் கடைகளிலும் மொத்த வியாபார நிறுவனங்களிலும் திடீரென ஒரு தொல்லை தோன்றுவதுண்டு. பழைய பில்களைப் பார்க்க முடியும். புதிய பில் ஒன்றுகூடப் பதிவாகாது. பில்லிங் சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் இயங்குவதாயின், 'டிரான்ஸாக்ஷன் லாக் நிரம்பிவிட்டது' என்ற பொருளில், 9002 என்ற எண்ணுடன் சர்வர் செய்தி தரும்.

சிட்டையும் பேரேடும்

அன்றாட நடவடிக்கையை முதலில் சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவது நம் வணிக வழக்கம். சர்வர் செய்வதும் அதுவே. பில் விவரம் முதலில் லாக் பைலில் (எல்.டி.எஃப்.) எழுதப்படும். அங்கே பதிவான பின்னரே பில் முடிந்ததாக சர்வர் ஒப்புக்கொள்ளும். முதன்மைத் தரவு பைலில் (எம்.டி.எஃப்.) அது சற்றுப் பின்னர் ஏறும். இடையில் மின்சாரம் போனால், சர்வர் மீண்டும் இயங்கும்போது லாக்கைப் படித்து, முடிந்த பில்களை ஏற்றும். பாதியில் நின்றவற்றை நீக்கும். ஆகவே லாக் என்பது குப்பையல்ல. அதுவே நமது சிட்டை.

ஏன் நிரம்புகிறது?

1. சர்வரில் 'ஃபுல் ரிகவரி' முறை வைத்திருந்தால், 'லாக் பேக்கப்' எடுக்கும்வரை பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். "தினமும் இரவில் முழு பேக்கப் எடுக்கிறோமே" என்று பலர் கேட்கலாம். முழு பேக்கப் லாக்கைக் காலி செய்யாது. லாக் பேக்கப் தனி வேலை.

2. ஆண்டு முடிவுக் கணக்கு மாற்றம் போன்ற பெரிய வேலை முடியாமல் நின்றால், அதற்குப் பிந்தைய பதிவுகளை நீக்க முடியாது.

3. டிஸ்கில் இடம் தீர்ந்திருக்கலாம். அல்லது லாக் பைலுக்கு வைத்த உச்ச அளவு எட்டியிருக்கலாம்.

செய்யக்கூடாதது

இடம் அடைக்கிறதே என்று எல்.டி.எஃப். பைலை அழிக்கவே கூடாது. தரவுத்தளமே திறக்காமல் போகக்கூடும், எம்.டி.எஃப்.பில் இன்னும் ஏறாத பில்களும் போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. டிஸ்கில் இடம் பாருங்கள். பழைய பேக்கப் பைல்கள் அதே டிஸ்கில் குவிந்திருந்தால் வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

2. 'லாக் ரீயூஸ் வெயிட்' விவரத்தைப் பார்க்கும்படி டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். லாக் ஏன் காலியாகவில்லை என்பதை சர்வரே அதில் சொல்லும். 'லாக் பேக்கப்' என்று வந்தால் உடனே அதை எடுக்க வேண்டும். 'ஆக்டிவ் டிரான்ஸாக்ஷன்' என்று வந்தால், எந்த வேலை முடியாமல் நிற்கிறது என்று கண்டறிந்து முடிக்க வேண்டும்.

3. லாக் பேக்கப் எடுத்ததும் பைலுக்குள் இடம் காலியாகும். பைலின் அளவு குறையாது. மிகப் பெரிதாகியிருந்தால் ஒருமுறை சுருக்கலாம். அதையே வாராவாரம் செய்வதால் பயனில்லை.

எந்த முறை நல்லது?

'சிம்பிள்' முறையில் லாக் பெரும்பாலும் தானாகவே காலியாகும். ஆனால் டிஸ்க் பழுதானால் கடைசி பேக்கப் வரைதான் கணக்கு மீளும். அன்று பகல் முழுதும் போட்ட பில்கள் போய்விடும். ரொக்க விற்பனையைப் பெட்டிப் பணத்தை எண்ணி ஓரளவு கணிக்கலாம். கடனுக்குக் கொடுத்த சரக்கை யார் பெயரில் எழுதுவது? கடன் வியாபாரம் அதிகமுள்ளவர்கள் 'ஃபுல்' முறையை வைத்து, அரை மணிக்கொரு முறை லாக் பேக்கப் எடுத்து, வேறு டிஸ்கில் சேமிப்பது நலம். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் இதைத் தானாகச் செய்யும் 'ஏஜென்ட்' வசதி கிடையாது; விண்டோஸின் 'டாஸ்க் ஷெட்யூலர்' மூலம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். எனவே தங்கள் டெக்னீஷியனிடம் இன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள்: நமது சர்வர் எந்த ரிகவரி முறையில் உள்ளது? கடைசி லாக் பேக்கப் எப்போது எடுக்கப்பட்டது? அந்த பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிபார்த்தீர்களா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வரும்வரை, பேக்கப் இருக்கிறது என்று நிம்மதி கொள்ள வேண்டாம்.