ஓர் எழுத்து மாறினால்...

இரத்தக் கழிச்சலில் நாய்க்குட்டி இறந்தால் எங்கள் ஊரில் ‘கண்பட்டுவிட்டது’ என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே காரணத்தை என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் கற்றறிந்ததைக் கூறுகிறேன்.

வாந்தியும் கழிச்சலுமாகக் குட்டிகளை மாய்க்கும் நோய்களுள் கொடியது பார்வோ வைரஸ் நோய். 1978-இல் அது உலகெங்கும் பரவியது. அவ்வைரஸின் மரபுச் செய்தி ஏறத்தாழ 5,200 எழுத்துகளாலான ஒற்றை இழை டி.என்.ஏ. ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு காரங்களே அவ்வெழுத்துகள்.

நோயுற்ற குட்டியின் மலத்திலுள்ள சிறிதளவு டி.என்.ஏ.வையும், காரி மல்லிஸ் 1983-இல் கண்ட பி.சி.ஆர். முறையால் கோடிக்கணக்கில் பெருக்கலாம். பார்வோவுக்குரிய பகுதி பெருகினால் வைரஸ் உண்டு என்று பொருள். பின்னர் எழுத்துகளை வரிசையாகப் படித்தால் வகையும் விளங்கும்.

வைரஸின் உறைப் புரதத்தில் 426-ஆம் அமினோ அமிலத்திற்குரிய மூன்றெழுத்து ‘ஏஏடி’ எனில் பழைய 2 அல்லது 2ஏ வகை. ‘ஜிஏடி’ எனில் 2பி. ‘ஜிஏஏ’ எனில் 2000-இல் இத்தாலியில் அறியப்பட்ட 2சி. ஒவ்வொரு படியிலும் மாறியது ஓர் எழுத்தே!

வகை அறிந்து பயன் என்ன? பழைய வகையால் செய்த தடுப்பூசி புதியதைத் தடுக்குமா என்று ஆராய அதுவே அடிப்படை. ஆராய்ந்ததில், 2சி வகையையும் தடுக்கிறது என்று கண்டனர்.

ஆனால் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள், இளங்குட்டிக்குப் போடும் ஊசியை வீணாக்கிவிடலாம். ஆதலால் 16 வார வயதாகும்வரை சில வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போடவேண்டும். முதல் ஊசியோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த நாளைக் குறித்து வையுங்கள்!