ஆலைக் கழிவு வயலுக்கு உரமாகுமா?

திண்டுக்கல் வட்டாரத்தில் நூற்பாலைகளும் கயிறு ஆலைகளும் தோல் பதனிடும் ஆலைகளும் உள்ளன. ஆலைக்குச் சுமையான கழிவு உழவருக்கு உரமாகலாம். ஆனால் எல்லாக் கழிவும் உரமல்ல.

தென்னை நார்க்கழிவை அப்படியே வயலில் இட்டால், அது மட்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். ஆகவே 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து வீதம் மாற்றி மாற்றி அடுக்கி, நிழலில் ஈரம் காத்து, 60 நாட்கள் மட்கவிட்டு இடவேண்டும். நூற்பாலைப் பஞ்சுத்தூசியையும் சாணக் கரைசல் தெளித்து மட்கவைக்கலாம்.

தோல் ஆலைக் கசடை இலவசமாகத் தந்தாலும் வாங்கக்கூடாது. அதிலுள்ள உப்பும் குரோமியமும் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். 1996-ல் உச்ச நீதிமன்றம் தண்டம் விதித்த தோல் ஆலைகளில் திண்டுக்கல் மாவட்டத்து ஆலைகளும் அடங்கும்.

ஆலை நிர்வாகத்திடம் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். கழிவை மற்றக் குப்பையோடு கலக்காமல் வைப்பார்களா? ஆண்டு முழுவதும் தருவார்களா? வண்டிக் கூலி யாருடையது? பரிசோதனைக்கு மாதிரி எடுக்க விடுவார்களா?

நாலைந்து உழவர்கள் சேர்ந்து பேசினால் வண்டிக் கூலி பங்காகும். மாதிரி தர மறுக்கும் ஆலையின் கழிவை எடுக்காமல் விடுவதே நலம்.