இயந்திரத்தின் விக்கல்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில் பழைய எஸ்.யு.வி. வாகனமொன்று குலுங்கத் தொடங்குகிறது. எண்ணெய் மிதியை அழுத்தினாலும் வேகம் கூடவில்லை. சற்று நேரத்தில் இயந்திரம் நின்றேவிடுகிறது. அப்போது ஸ்டீரிங் கனத்துப் போகும். பிரேக் ஓரிரு முறை மட்டுமே எளிதாக இறங்கும், அதன்பின் இறுகிவிடும். எனவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றும் எரிபொருளும் கலந்து அழுத்தப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் எழுப்பும் தீப்பொறி அக்கலவையை எரிக்கிறது. நிமிடத்திற்கு 800 முறை சுழலும் இயந்திரத்தில் ஒரு சிலிண்டர் 400 முறை எரிய வேண்டும். அவ்வாறு எரியத் தவறுவதே 'மிஸ்ஃபயர்' எனப்படுகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து, அதனை உருக்கிவிடவும் கூடும். ஆகவே, எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் பயணத்தைத் தொடராமல் இருப்பதே நல்லது.

பட்டறைக்கு வரும் வண்டியில் முதலில் ஸ்கேனர் கருவி பொருத்தப்படும். 'பி0303' என்னும் குறியீடு மூன்றாம் சிலிண்டரில் கோளாறு உள்ளதைக் காட்டும். 'பி0300' என்றால் கோளாறு ஒரே சிலிண்டரில் நிலைத்திருக்கவில்லை என்று பொருள். குறியீடு இடத்தைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. இதை மறந்து, குறியீட்டைப் பார்த்தவுடன் உதிரிப்பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவோரும் உண்டு. பணம் கரையும், விக்கல் நிற்காது.

தேர்ந்த மெக்கானிக் செலவில்லாத சோதனை ஒன்றைச் செய்வார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள வண்டியாயின், மூன்றாவதன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் பொருத்துவார். இரண்டாவதன் காயிலை மூன்றாவதற்கு மாற்றுவார். பழைய குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்ப்பார். இம்முறை 'பி0302' தோன்றினால் கோளாறு காயிலோடு இடம் மாறியிருக்கிறது, காயிலே குற்றவாளி. மீண்டும் 'பி0303' வந்தால் காயிலின் மீது பழியில்லை. அடுத்து ஸ்பார்க் பிளக்கையும் அவ்வாறே இடம் மாற்றலாம்.

கழற்றிய பிளக்கின் நிறமும் செய்தி சொல்லும். இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் செம்மையாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மசகு எண்ணெய் சிலிண்டருக்குள் கசிகிறது.

கோளாறு எப்பொழுது தோன்றுகிறது என்பதை உரிமையாளர் கூற வேண்டும். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது மட்டும் இயந்திரம் அணைந்தால், காற்றுக் குழாயில் வெடிப்போ திராட்டில் பகுதியில் அழுக்கோ இருக்கலாம். மேட்டில் ஏறும்போது திணறினால் பெட்ரோல் பம்பையும் வடிகட்டியையும் ஐயுற வேண்டும். மழைக்குப் பின் விக்கினால், வெடித்த காயில் உறையின் வழியே மின்சாரம் கசியக்கூடும். நன்கு சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கினால் கிராங்க் சென்சரைச் சோதிப்பர்.

இவை யாவும் நன்றாயிருந்தும் விக்கல் தொடர்ந்தால், சிலிண்டரின் அழுத்தம் அளக்கப்படும். ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்திருப்பின் அதில் சிறிது எண்ணெய் ஊற்றி மீண்டும் அளப்பர். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்; உயராவிட்டால் வால்வில் கசிவு இருக்கலாம். இவ்விரண்டில் எதுவாயினும் இயந்திரத்தைப் பிரித்தே பழுதுபார்க்க வேண்டும். அச்செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடலாம் என்பதால், வேலையைத் தொடங்குமுன் உரிமையாளரிடம் மதிப்பீட்டைக் காட்டி ஒப்புதல் பெறுவது பட்டறையின் கடமையாகும்.