புதுச் சைக்கிளும் சோழகக் காற்றும்



வேலணைத் தீவில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். உயர்தரம் படிக்கும் மகளுக்கு மாமா ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மெல்லிய டயர், பாரமில்லாத சட்டம், குனிந்து பிடிக்கும் ஹாண்டில். ஒரே வாரத்தில் பிள்ளை அதைச் சுவரோடு சாத்திவிட்டாள். "முழங்கால் நோகுது உம்மா. சைக்கிளும் வேண்டாம், ரியூஷனும் வேண்டாம்" என்றாள். "ஏறும்போது துஆ ஓதச் சொல்லித்தானே மௌலவி அனுப்பினேன்" என்று தாய் என்னிடம் கவலைப்பட்டார்.

தீவுப்பகுதியில் சைக்கிள் நின்றால் படிப்பும் நின்றுவிடும். 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது நோயாளியையும் விறகையும் சுமந்தது சைக்கிள்தான். அதன் டைனமோவைச் சுழற்றித்தான் பலர் வானொலியில் செய்தி கேட்டார்கள்.

போய்ப் பார்த்தேன். பிள்ளையின் உடம்புக்குச் சைக்கிளைப் பொருத்தவே இல்லை!

ஆசனம்: விழுந்துவிடுவாள் என்ற பயத்தில், இருந்தபடியே இரு கால்களும் நிலத்தில் படும்படி ஆசனத்தைத் தாழ்த்தியிருந்தார்கள். எந்நேரமும் மடிந்தே மிதித்தால் முழங்கால் நோகாமல் என்ன செய்யும்? ஆசனத்தில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடியும். அதுவே சரியான அளவு. நிறுத்தும்போது ஆசனத்தைவிட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழக்குங்கள்.

காற்று: சோழகம் வீசும் மாதங்களில், காலையில் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போகையில் காற்று முதுகில் தள்ளும், மாலையில் திரும்புகையில் நெஞ்சில் மோதும். வாடைக் காலத்தில் இது தலைகீழாகும். பாரமான கியரில் மல்லுக்கட்டாமல் இலகுவான கியருக்கு மாற்றி, கால்களை விரைவாகச் சுழற்ற வேண்டும். புதுச் சைக்கிளில் முதல் சில வாரங்கள் குறைந்த தூரமே போதும்; கையும் கழுத்தும் பழகட்டும்.

உடை: கியர் சைக்கிளில் பெரும்பாலும் செயின் மூடி இருக்காது. அபாயாவின் ஓரம் செயினில் அகப்பட்டால் பெரும் ஆபத்து. மூடி பூட்டக்கூடியதானால் பூட்டுங்கள். உள்ளே காற்சட்டை அணிந்து, அபாயாவின் ஓரத்தை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளலாம். மறைவுக்கும் குறைவில்லை, பயமும் இல்லை.

பராமரிப்பு: எந்தக் கைப்பிடி முன்சில்லை நிறுத்துகிறது என்று முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். டயருக்குரிய காற்றின் அளவு டயரின் பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். புது பிரேக் வயர்கள் சில வாரங்களில் தளரும். கடையில் கொடுத்து இறுக்கிக்கொள்ளுங்கள். கடற்காற்றின் உப்பு செயினைத் துருவாக்கும். துடைத்து எண்ணெய் விடுங்கள்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ, ஸூரா ஸுக்ருஃபின் 13, 14ஆம் வசனங்களில் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்குச் சொன்ன செய்தி திர்மிதியில் இருக்கிறது. ஆசனத்தின் ஆணியை அளவறிந்து இறுக்குவதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதானே!

ஆசனத்தை உயர்த்தினோம். பத்து நாட்கள் வீட்டைச் சுற்றியே ஓட்டிப் பழகினாள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது மீண்டும் பாலம் கடந்து படிக்கப் போகிறாள். தாய் வாசலில் நின்று துஆ ஓதுகிறார். ஓதுமுன் டயரை ஒருமுறை அழுத்தியும் பார்க்கிறார்.