போதகர் ஜேம்ஸ் லாசன் (1928–2024)

கொரியப் போருக்குப் படையில் சேர மறுத்துச் சிறை சென்ற லாசன், விடுதலையானதும் மெதடிஸ்ட் ஊழியராக நாக்பூருக்குப் போய், சத்தியாகிரகத்தை ஊன்றிப் படித்தார்.

அந்தப் பாடம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத் தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் பயிற்சியாக மாறியது. மாணவர்கள் ஒருவரையொருவர் வசைபாடினார்கள், நாற்காலியிலிருந்து தள்ளினார்கள். திருப்பி அடிக்காமலிருக்கப் பழகினார்கள். வீரத்துக்கு இவ்வளவு பொறுமையான ஒத்திகை வேறெங்கும் அரிது. 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டுமே சாப்பாடு போட்ட கடைகளில் போய் அமர்ந்தார்கள். இதற்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் தன் மாணவரான லாசனை நீக்கியது. மே மாதம் அந்தக் கடைகள் கறுப்பினத்தவருக்கும் வழிவிட்டன.

1968 பிப்ரவரி 1, மெம்ஃபிஸ். மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரு தொழிலாளர்களை அதன் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போராட்ட வியூகக் குழுவுக்குத் தலைமையேற்ற லாசன்தான் மார்ட்டின் லூதர் கிங்கை அங்கே அழைத்தார். ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பலர் கதையை அதோடு முடித்துவிடுகிறார்கள். ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1974 முதல் 1999 வரை லாசன் லாஸ் ஏஞ்சலஸ் ஹோல்மன் தேவாலயத்தின் போதகராக இருந்தார். ஹோட்டல் ஊழியர்களும் கட்டடத் துப்புரவாளர்களும் சங்கம் கட்டத் துணைநின்றார். ஓய்வுக்குப் பின்னும் பல்கலைக்கழக வகுப்பில் அகிம்சையைக் கற்பித்தார்.