திருவரங்கத்து வானில் அலைப் பங்கீடு

வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் நம்பெருமாள் ரத்னாங்கி தரித்துப் பரமபத வாசலைக் கடந்தருளும் சேவையைக் காண லட்சக்கணக்கான ஜனங்கள் ஸ்ரீரங்கத் தீவில் திரளும்போது, உத்தர வீதியில் தாயைத் தவறவிட்டுத் தேடும் மகனுக்கும், ரெங்கா ரெங்கா கோபுர வாசலில் நின்றுகொண்டு வீட்டாருக்குச் சேதி சொல்ல விரும்பும் முதியவருக்கும், கையிலுள்ள செல்போன் உதவாமற் போய்விடுவது பலரும் கண்டறிந்த விஷயம். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். அழைப்பு மட்டும் போய்ச் சேராது. இதற்குக் காரணம் டவர் இல்லாமை என்றே பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் டவர் என்பது கருவி. அக்கருவி கையாளும் செல்வம் அலைக்கற்றை. அந்தச் செல்வத்துக்கு ஓர் எல்லை உண்டு.

ஆகாயத்தில் அலைகள் எண்ணற்றவை எனினும், கைக்குள் அடங்கும் ஒரு போனுக்கும் தெருமுனை டவருக்கும் இடையே தடையின்றிச் சென்று வரத்தக்கவை மிகக் குறுகிய ஓர் அளவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே இடத்தில், ஒரே சமயத்தில், ஒரே அலையில் இருவர் பேசினால் ஒன்றை ஒன்று குலைத்துவிடும் என்பதனாலேயே, 1939-ல் திருச்சி வானொலி நிலையம் தோன்றிய காலந்தொட்டு, ஒருவருக்கு ஒதுக்கிய அலையில் மற்றவர் பிரவேசிக்கலாகாது என்ற நியதி நிலைபெற்று வந்திருக்கிறது. வானொலிக்கு அந்த நியதி பொருந்தியது. செல்போன் கம்பெனிகளுக்கும் அதே முறையில், ஏலத்தின் மூலம், இருபதாண்டு உரிமையாக அலைகள் வழங்கப்பட்டன. எனினும் காற்றலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருப்பதை மறந்துவிடலாகாது. பொதுச் சொத்தில் ஒரு பகுதி ஒரு கணமேனும் வீணாகக் கிடப்பின், அது அக்கம்பெனியின் நஷ்டம் மட்டுமன்று.

இந்த வீணடிப்பைக் குறைக்கும் யுக்தியே அலைக்கற்றைப் பங்கீட்டு மென்பொருள். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும் இடத்தில், இந்தக் கிளைக்கு இத்தனை, அந்தக் கிளைக்கு இத்தனை என்று நிரந்தரமாகச் சுவர் எழுப்பிவிடாமல், வரத்தையும் வயலின் தேவையையும் பார்த்து மதகை ஏற்றி இறக்குகிறார்களல்லவா? அந்த வேலையைத்தான் இம்மென்பொருள் செய்கிறது. ஆனால் இங்கே மதகு ஒரு வினாடிக்கு ஆயிரம் முறை அசைகிறது. நாலாம் தலைமுறைப் போன்கள் எத்தனை, ஐந்தாம் தலைமுறைப் போன்கள் எத்தனை, அவற்றுள் இக்கணம் எது எவ்வளவு கேட்கிறது என்று மில்லி வினாடிதோறும் கணக்கிட்டு, ஒரே அலைக்கற்றையைத் துண்டு துண்டாக இருவகைக்கும் வழங்குகிறது. ஏர்டெல் நிறுவனம் 2021 ஜனவரி 28 அன்று ஹைதராபாத்தில் நடத்திக் காட்டியது இதுவே. 1800 மெகாஹெர்ட்ஸில் தன் கைவசம் முன்பே இருந்த அலைக்கற்றையில், நாலாம் தலைமுறைச் சேவையை நிறுத்தாமலே ஐந்தாம் தலைமுறையையும் அது இயக்கிக் காட்டியது. புதிய ஐந்தாம் தலைமுறை அலைகளுக்கான ஏலம் முடிந்ததோ 2022 ஆகஸ்டு முதல் தேதியில்தான். அதில் அரசுக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய், ஏர்டெலின் பங்கு மட்டும் 43,084 கோடி.

இத்தகைய தொகைகளைப் பார்க்கும்போது, மென்பொருளில் ஒரு கம்பெனி முதலீடு செய்வது எவ்வளவு விவேகமான காரியம் என்பது விளங்கும். ஆயினும் பங்கீடு அலையைப் பெருக்குவதில்லை. பழைய போன்களுக்கு வழிகாட்டும் சமிக்ஞைகளை இடைவிடாது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், கலந்து ஓடும் அலைக்கற்றையில் ஒரு பங்கு அச்சமிக்ஞைகளுக்கே செலவாகிவிடுகிறது. திரையில் 5ஜி என்ற எழுத்துத் தோன்றியும் வேகம் முன்போலவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே கம்பெனியின் இரு தலைமுறைகளுக்கு நடுவே செய்யும் பங்கீட்டின் பலன் அவ்வளவுதான்.

பெரிய பலன் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே செய்யும் பங்கீட்டில் இருக்கிறது. ஏகாதசிக் காலையில் ஒரு கம்பெனியின் அலை நெரிசலில் திணறும்போது, பக்கத்துக் கம்பெனியின் அலை ஓரளவு ஓய்ந்திருக்கக்கூடும். 2015 செப்டம்பரில் மத்திய அரசு பங்கீட்டுக்கு அனுமதி தந்ததென்னவோ உண்மை. ஆனால் ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில், ஒரே அலைவரிசையில், இருவரும் உரிமை பெற்றிருந்தால்தான் அது செல்லும். விலைக்குக் கைமாறுவது வேறு: தமிழகத்தில் பிறந்து இங்கே பெயர் பெற்றிருந்த ஏர்செல், தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு வட்டங்களில் தன் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைகளை 3,500 கோடி ரூபாய்க்கு ஏர்டெலுக்குக் கொடுக்க 2016-ல் உடன்பட்டது.

அமெரிக்காவில் இதைவிடத் துணிவான காரியம் நடந்திருக்கிறது. கடற்படையின் ராடார்கள் இயங்கும் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை மற்றவரும் உபயோகிக்கலாம் என்று 2015-ல் விதி வகுத்தார்கள். கரையோர உணர்கருவிகள் ராடார் அலையைக் கண்டவுடன், மத்தியில் இருக்கும் மென்பொருள் மற்றவர்களை வேறு அலைக்கு விலக்கிவிடுகிறது. ராடார் ஓய்ந்தபின் திரும்ப அனுமதிக்கிறது. முழு உரிமை தராத இந்த அலைகளுக்கே 2020 ஏலத்தில் வெரைசான் நிறுவனம் சுமார் 189 கோடி டாலர் கொடுத்தது. போர்க்கப்பலோடு பங்கிட்டுக்கொள்ள முடியுமானால், போட்டியாளரோடு முடியாதென்பது ஏற்கத்தக்க வாதமன்று.

நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும், வெவ்வேறு அலைவரிசைகளுக்கிடையிலும் பங்கீட்டை அனுமதிக்கலாம் என்று 2024 ஏப்ரலில் சிபாரிசு செய்திருக்கிறது; 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதற்கு இடம் தருகிறது. புயற்காலங்களில் எந்தப் போனும் எந்தக் கம்பெனி டவரையும் பற்றிக்கொள்ளலாம் என்று அரசே உத்தரவிடும் வழக்கமும் உண்டு. முன்கூட்டியே தேதி தெரிந்த, இடம் தெரிந்த, கூட்டத்தின் அளவும் ஏறக்குறைய தெரிந்த ஸ்ரீரங்கத்துத் திருவிழாவைக் காட்டிலும் இப்பங்கீட்டைச் சோதிக்கத் தகுந்த களம் கிடைப்பது அரிது. தொலைத்தொடர்புத் துறையும் கம்பெனிகளும், அடுத்த மார்கழிக்கு முன்பே, தீவின் வீதிகளில் இதை நடத்திப் பார்க்க வேண்டும்.